முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள நாண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையே ஒரு சிற்றூரில் இயன்முறை மருத்துவம் பார்த்து வருகிறேன். தைப்பூசம் முடிந்த வாரத்திலும், வெள்ளியங்கிரி மலை ஏறும் மாதங்களிலும், பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நடக்கும் காலத்திலும் என் எதிரே உட்காருகிறவர்களில் பலர் முட்டிக்குக் கீழே ஒரே இடத்தைத்தான் தொட்டுக் காட்டுகிறார்கள். கேட்கும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றே. கேட்டவர்களின் சொற்களை ஒட்டியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

அம்மிணி, முட்டியில் எது சில்லு, எது நாண்? கையால் தொட்டால் தெரியுமா?

நன்றாகவே தெரியும். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். முட்டியின் முன்னால் வட்டமாக, கெட்டியாக இருப்பது சில்லு. அதன் கீழ்நுனியிலிருந்து விரலை இறக்கினால் இழுத்துக் கட்டிய வார்போல் தட்டையாக ஒன்று தட்டுப்படும். இரண்டு மூன்று விரற்கடை போனதும் விரல் ஓர் எலும்பு மேட்டில் முட்டும். அது கணைக்கால் எலும்பின் மேடு. இப்போது பாதத்தைத் தூக்கிக் காலை நீட்டப் பாருங்கள். அந்த வார் கம்பிபோல் விறைக்கும். சில்லுக்கும் மேட்டுக்கும் நடுவே விறைக்கும் அதுதான் சில்லு நாண்.

பெரியவர்களுக்கு இது 4 முதல் 5 சென்டிமீட்டர் நீளமும் சுமார் 3 சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். தடிமன் சுமார் அரை சென்டிமீட்டர். இரண்டு கால்களிலும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் எல்லாம் இந்த மூன்று இடங்களைச் சுற்றியே வருகின்றன.

'ஜவ்வு தேய்ந்துவிட்டது' என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த ஜவ்வு இதுதானா?

பெரும்பாலும் இல்லை. நம் ஊரில் ஜவ்வு என்ற ஒரே சொல்லால் நான்கு வெவ்வேறு பொருள்களைச் சொல்லிவிடுகிறோம். எலும்பு முனைகளைப் பூசியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு ஒன்று. தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் திண்டுபோல் இருக்கும் வட்டுகள் இரண்டாவது. மூட்டுக்குள் குறுக்காக ஓடும் சிலுவைத் தசைநார்கள் மூன்றாவது. நாம் பேசும் சில்லு நாண் நான்காவது. வயதானவர்களுக்குத் தேய்வது முதலாவது. ஆட்டத்தில் முட்டி முறுக்கிக்கொண்டால் கிழிவது இரண்டாவதோ மூன்றாவதோ.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான்குக்கும் சிகிச்சை வேறு. ஒன்றுக்கு ஆகும் பயிற்சி இன்னொன்றுக்கு ஆகாது. யாராவது ஜவ்வு என்றால், 'எந்த ஜவ்வு? என் முட்டியில் தொட்டுக் காட்டுங்கள்' என்று தயங்காமல் கேளுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஒரு புத்தகத்தில் தசைநாண் என்றும் இன்னொன்றில் தசைநார் என்றும் போட்டிருக்கிறது. எது சரி?

இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது தசைநார். இந்த வார் சில்லு என்ற எலும்பில் தொடங்கிக் கணைக்கால் எலும்பில் முடிவதால் தசைநார் என்பார்கள். ஆனால் வேலையைப் பார்த்தால் இது தொடைத் தசையின் நீட்சி. தொடையின் முன்புறத்தில் நான்கு தலைகள் கொண்ட பெரிய தசை இருக்கிறது. நாற்றலைத் தசை என்பது அதன் பெயர். அதன் நாண் இறங்கிவந்து சில்லின் மேல்விளிம்பைப் பற்றுகிறது. அந்த இழைகளில் ஒரு பகுதி சில்லின் முகத்தின் மேலாகவே ஓடிக் கீழேயும் தொடர்கிறது.

சில்லு இந்த நாணுக்குள் பொதிந்து வளர்ந்த எலும்பு. இப்படி நாணுக்குள் தோன்றும் சின்னஞ்சிறு எலும்புகளுக்கு எள் விதையை வைத்து மருத்துவத்தில் பெயரிட்டார்கள். உடலில் உள்ள 'எள் எலும்புகளில்' மிகப் பெரியது முட்டிச் சில்லுதான். பிறக்கும்போது அது வெறும் குருத்தெலும்பு. 3 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையே எலும்பாக மாறத் தொடங்குகிறது. இதையெல்லாம் பார்த்துத்தான் நான் நாண் என்றே சொல்கிறேன். வில்லில் கட்டிய கயிற்றுக்கும் அதே பெயர்தானே.

இத்தனை சிறிய நாண் அப்படி என்ன பெரிய வேலை செய்துவிடுகிறது?

மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைத்த காலத்தைப் பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். காளைகள் இழுக்க, வடக்கயிறு கிணற்று மேட்டில் இருக்கும் உருளையின் மேல் ஓடும். தண்ணீர்ச் சாலோடு கயிறு மேலே வரும். உருளை இல்லாமல் கயிறு கிணற்று விளிம்பில் உரசினால் இழுப்பும் வீண், கயிறும் பிய்ந்துவிடும். முட்டியில் காளை தொடைத் தசை, உருளை சில்லு, உருளையைத் தாண்டிச் சுமையோடு கட்டியிருக்கும் கயிற்றின் கடைசி முழம் இந்த நாண். உட்கார்ந்தவர் எழுவதற்கும், படி ஏறுவதற்கும், பந்தை உதைப்பதற்கும் தேவையான இழுவை அத்தனையும் இந்த மூன்று விரற்கடை வழியாகத்தான் போயாக வேண்டும். மாற்று வழி கிடையாது.

சில்லு உருளையைவிட ஒரு படி மேலாகவும் உதவுகிறது. நாணை மூட்டின் அச்சிலிருந்து முன்னுக்குத் தள்ளி வைக்கிறது. கடப்பாரையை நுனியில் பிடித்து நெம்புவதுபோல், அதே தசைக்குக் கூடுதல் பலம் கிடைக்கிறது. நாணின் தாங்குதிறனுக்கு ஒரு சான்று. 1977-இல் வெளியான ஓர் ஆய்வு, போட்டியில் எடை தூக்கும்போது ஒரு வீரருக்கு இந்த நாண் அறுந்த தருணத்தின் படச்சுருளை வைத்துக் கணக்கிட்டது. அறுந்த நொடியில் நாணில் இருந்த இழுவை அவருடைய உடல் எடையைப் போல் சுமார் 17.5 மடங்கு. நலமான நாணை அறுக்க அவ்வளவு தேவைப்படுகிறது.

மலை ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, இறங்கும்போதுதான் முட்டி வலிக்கிறது. ஏன்?

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. மூச்சு வாங்குவதால் நாமே நின்று நின்று போகிறோம். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலைப் பிடித்து நிறுத்துகிறது. வண்டி சரிவில் ஓடாமல் காளைகள் பின்னுக்கு ஊன்றிப் பிடிப்பதைப் போன்ற வேலை அது. ஒவ்வோர் அடியும் நாணில் வெட்டி இழுக்கிறது. மூச்சு வாங்காததால் நிற்கவும் தோன்றுவதில்லை. வெள்ளியங்கிரியில் மூங்கில் தடி ஊன்றி இறங்குகிறார்களே, அது வெறும் பழக்கம் என்று எண்ண வேண்டாம். பாரத்தில் ஒரு பங்கைத் தடி வாங்கிக்கொள்கிறது.

ஆனால் இறங்கும்போது வலிப்பதெல்லாம் நாண் வலி ஆகிவிடாது. சில்லின் பின்புறத்துக் குருத்தெலும்பு உறுத்தினாலும் இறங்கும்போதே வலிக்கும். நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்பேன். ஒற்றை விரலைச் சில்லின் கீழ்நுனியில் வைத்தால் நாண் என்று சந்தேகிப்பேன். உள்ளங்கையால் முட்டியை மூடி 'இங்கே எல்லாம்' என்றால் சில்லின் பின்புறத்தையோ மூட்டையோ பார்க்கத் தொடங்குவேன். முடிவு செய்ய இது மட்டும் போதாது என்றாலும் நல்ல தொடக்கம்.

அக்கா, வாலிபால் ஆடுகிறேன். விளையாடத் தொடங்கும்போது குத்துகிறது, சூடேறினால் போய்விடுகிறது, இரவில் மறுபடி வருகிறது. இது என்ன?

நாண் நோயின் கதையை நீயே வரிசையாகச் சொல்லிவிட்டாய், தம்பி. குதிப்பவர்களுக்கு அதிகம் வருவதால் இதற்குக் 'குதிப்பவர் முட்டி' என்றே பெயர். வாலிபாலும் கூடைப்பந்தும் ஆடுகிறவர்களிடம் மிகுதி. நாணின் மேல்முனை, அதாவது சில்லின் கீழ்நுனியை ஒட்டிய இடம்தான் பெரும்பாலும் கெடுகிறது.

பலர் நினைப்பதுபோல் இது வெறும் வீக்கம் இல்லை. நாண் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளை ஒரே திசையில் நெருக்கி முறுக்கிய கயிறு. தசையோடு ஒப்பிட்டால் இதில் இரத்த ஓட்டம் குறைவு, செல்களும் குறைவு. கனமாக உழைத்த நாளுக்குப் பின் ஏறக்குறைய ஒன்றரை நாள் வரை அதில் தேய்மானமே கூடுதலாக இருக்கும். அதற்குப் பிறகுதான் ஆக்கம் முந்துகிறது. ஒன்றுவிட்டு ஒருநாள் ஆடியவன், மாவட்டப் போட்டி வருகிறது என்று தினமும் காலை மாலை குதித்தால் ஆக்கத்துக்கு நேரமே கிடைப்பதில்லை. இழைகளின் ஒழுங்கு குலைந்து அந்த இடம் தடித்துப்போகிறது. என்னிடம் வரும் பையன்களிடம் நான் முதலில் கேட்பது 'கடந்த இரண்டு மாதத்தில் எதைத் திடீரென்று கூட்டினாய்?' என்பதுதான். பதில் இல்லாமல் போனவர்கள் குறைவு.

என் மகளுக்குப் 11 வயது. வள்ளி கும்மி பழகுகிறாள். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து நிற்கிறது. கட்டியா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் தாய்மார்களின் முகத்தைப் பார்த்ததும் பதிலைச் சொல்லிவிடத் தோன்றும். பெரும்பாலும் கட்டி இல்லை. முதல் பதிலில் விரல் முட்டி நின்ற எலும்பு மேடு நினைவிருக்கிறதா? வளரும் வயதில் அந்த மேடு முழு எலும்பாகியிருக்காது. அதன் அடியில் வளர்ச்சிக் குருத்து இருக்கும். எலும்பு வேகமாக நீளும் பருவத்தில் தொடைத் தசை இழுவிசையோடு நிற்கிறது. நாணைவிடக் குருத்து மென்மையானது என்பதால் இழுப்பின் பலனைக் குருத்தே அனுபவிக்கிறது. மேடு புடைத்து, தொட்டால் வலிக்கிறது. 1903-இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே இதை விவரித்தார்கள். இன்றும் அவர்கள் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பெண் பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாகவும் ஆண் பிள்ளைகளுக்கு 12 வயதுக்குப் பிறகும் வருவது வழக்கம்.

கும்மியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். சிமெண்டுக் களத்தில் வெறுங்காலோடு இரண்டு மணி நேரம் குதித்து ஆடுவதைக் குறைக்கச் சொல்வேன். மண் தரையில், இடைவெளி விட்டு ஆடட்டும். வலி அதிகமான நாளில் குதிக்கும் அடிகளை விட்டுவிட்டுக் கைத்தாளமும் நடையும் மட்டும் போடட்டும். வளர்ச்சிக் குருத்து மூடியதும் வலி போய்விடும். மேடு மட்டும் சிலருக்கு ஆயுளுக்கும் நிற்கும். அதனால் கெடுதல் இல்லை. இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், நாளுக்கு நாள் பெரிதாகும் வீக்கம், விளையாடாமல் இருந்தும் குறையாத நோவு இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டிப் படம் எடுத்துவிடுங்கள்.

நாண் வலிக்கு ஒரு மாதம் முழு ஓய்வு எடுத்தால் சரியாகிவிடாதா?

வலி போகும், நோய் போகாது. நாண் பாரத்தைப் பொறுத்துத் தன்னை வைத்துக்கொள்ளும் உறுப்பு. பாரமே இல்லாவிட்டால் அது இன்னும் நலிகிறது. ஒரு மாதம் கட்டிலில் இருந்துவிட்டுத் திரும்பியவன் முதல் நாளிலேயே பழைய உயரத்துக்குக் குதிக்கிறான். இரண்டாவது வாரம் அதே நாற்காலியில், முன்னைவிட அதிக வலியோடு வந்து உட்காருகிறான். மூன்று முறை இப்படி ஓய்வெடுத்து ஓய்வெடுத்து ஆட்டத்தையே விட்டுவிட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். மனம் கனத்துப்போகும்.

நிறுத்த வேண்டியது குதிப்பையும் திடீர் ஓட்டத்தையும்தான். கொடுக்க வேண்டியது மெதுவான, கனமான, அளந்த பாரம். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அளந்த பாரம் என்பது என்ன? வீட்டில் செய்யலாமா?

ஒருமுறை நேரில் காட்டி நோயை உறுதி செய்துகொண்ட பிறகு வீட்டிலேயே செய்யலாம். முதல் கட்டத்தில் அசையாமல் தாங்குவது. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் பாதி உட்காருவதுபோல் முட்டியை மடக்கி 45 விநாடி நில்லுங்கள். இரண்டு நிமிடம் இடைவெளி. இப்படி 5 தடவை. வலி மிகுந்திருக்கும் காலத்திலும் பலரால் இதைத் தாங்க முடிகிறது. செய்து முடித்ததும் வலி தணிவதாகச் சொல்பவர்களும் உண்டு.

அது பழகியதும் இரண்டாம் கட்டம். மூன்று எண்ணிக்கையில் உட்கார்ந்து மூன்று எண்ணிக்கையில் எழுவது. குதிகாலுக்கு அடியில் சரிவான பலகை வைத்தால் பாரம் நேராக நாணுக்குப் போகும். உடல் எடை இலேசாகிவிட்டால் முதுகுப்பையில் 5 கிலோ அரிசி, பிறகு 10 கிலோ என்று ஏற்றுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும், அந்த ஒன்றரை நாள் கணக்குக்காக. குதிப்பதும் ஓடுவதும் கடைசிக் கட்டம்.

எவ்வளவு வலி வரலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பத்துக்கு மூன்று வரை வரலாம். ஆனால் மறுநாள் காலை படி இறங்கும்போது வழக்கமான வலியைவிடக் கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் நேற்றைய பாரம் அதிகம், ஒரு படி குறையுங்கள். மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆகும். இரண்டே வாரத்தில் சரியாகும் என்று என்னால் யாருக்கும் சொல்ல முடியாது.

நல்லெண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் போதாதா? எங்கள் அம்மிச்சி அப்படித்தான் சரி செய்வார்கள்.

தொடைத் தசைக்குத் தேய்த்துவிடச் சொல்லுங்கள், இதமாக இருக்கும். வலிக்கும் நாணின் மேலேயே கட்டைவிரலால் அழுத்தி உருவ வேண்டாம். கெட்டுப்போன இழைகளை உருவிச் சேர்க்க முடியாது. வலிதான் கூடும்.

வலி போக ஓர் ஊசி போடலாம் என்கிறார்கள். போட்டுக்கொள்ளட்டுமா?

எந்த ஊசி, எந்த இடத்தில் என்பதைக் கேளுங்கள். ஸ்டீராய்டு மருந்தை நாணுக்குள் செலுத்தினால் சில வாரங்கள் வலி தெரியாமல் இருக்கும். ஆனால் நாண் நலிகிறது. அதன் பிறகு நாண் அறுந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. வலி தெரியாததால் ஆள் வழக்கத்தைவிட அதிகமாகக் குதிப்பது இன்னொரு ஆபத்து. பாரம் சுமக்கும் இந்த நாணுக்குள் ஸ்டீராய்டு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சொந்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்துப் போடும் ஊசியின் பலன் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. எந்த ஊசி போட்டாலும் மேலே சொன்ன பயிற்சி இல்லாமல் நாண் வலுப்பெறாது.

நரம்பு டாக்டர் சுத்தியலால் சில்லுக்குக் கீழே தட்டுகிறாரே, அதில் என்ன தெரிகிறது?

தட்டுவது இந்த நாணின் நடுவில்தான். தட்டியதும் நாண் ஒரு நூல் அளவு உள்ளே அமுங்கி, மேலே இருக்கும் தொடைத் தசை சட்டென்று இழுபடுகிறது. தசைக்குள் இருக்கும் நீட்சி உணர்கருவிகள் அதைத் தொடை நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குச் சொல்கின்றன. இடுப்புப் பகுதியின் இரண்டு முதல் நான்கு வரையான நரம்பு மட்டத்தில், மூளையிடம் அனுமதி கேட்காமலேயே, அந்தச் செய்தி இயக்க நரம்புக்கு நேரடியாகக் கைமாறுகிறது. தசை சுருங்கி, கால் உதறுகிறது. நடுவே ஒரே ஒரு நரம்பு இணைப்புதான். 1875-இல் எர்ப், வெஸ்ட்பால் என்ற இரு ஜெர்மன் மருத்துவர்கள் ஒரே காலத்தில் இதை எழுதினார்கள். 150 ஆண்டுகள் ஆகியும் ஒரு சிறு ரப்பர் சுத்தியல், தண்டுவடத்தின் நலத்தை அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

உதறல் குறைந்தாலோ இல்லாவிட்டாலோ வழியில் எங்கோ துண்டிப்பு என்று பொருள். சர்க்கரை நோயால் நரம்பு கெடுதல், இடுப்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துதல் இவை வழக்கமான காரணங்கள். அளவுக்கு மீறி உதறினால் மூளையிலிருந்தோ மேல் தண்டுவடத்திலிருந்தோ வரும் கடிவாளம் தளர்ந்திருக்கிறது என்று தேடுவார்கள். ஒரு கால் ஒரு விதமாகவும் மறு கால் வேறு விதமாகவும் இருப்பதே மருத்துவரை அதிகம் யோசிக்கவைக்கும்.

எனக்குத் தட்டியபோது கால் அசையவே இல்லை. வாதம் வந்துவிட்டதா?

பயப்படாதீர்கள். 'இப்போது தட்டுவார், இப்போது தட்டுவார்' என்று காலை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாலே உதறல் வராது. அதனால்தான் மருத்துவர்கள் இரு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டு அந்த நேரத்தில் தட்டுவார்கள். கவனம் கைக்குப் போகிறது, கால் தளர்கிறது, உதறலும் கூடுதலாகத் தெரிகிறது. அப்படியும் வராதவர்கள் நலமானவர்களிலேயே சிலர் உண்டு. இரு கால்களிலுமே உதறல் வராமல் இருந்து, மரத்துப்போதலும் பலக்குறைவும் இல்லை என்றால் பெரும்பாலும் அது உங்கள் இயல்பு.

நாண் அறுந்துபோனால் எப்படித் தெரிந்துகொள்வது?

படார் என்று சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள். உடனே முட்டி வீங்கும். ஆனால் முக்கியமான அடையாளம் வேறு. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் காலை நேராகத் தரையிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். நாண் முழுதாக அறுந்திருந்தால் தூக்க முடியாது. கீழே பிடித்திருந்த கயிறு போனதால் தொடைத் தசை சில்லை மேலே இழுத்துக்கொள்ளும். மறு முட்டியோடு ஒப்பிட்டால் சில்லு ஏறி நிற்பதும், அதன் கீழே விரல் அமுங்கும் பள்ளம் இருப்பதும் தெரியும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் நாணின் நீளத்தைச் சில்லின் நீளத்தோடு ஒப்பிட்டு இதை அளப்பார்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

இந்த எளிய சோதனையைச் செய்யாமல் விட்டதால் வந்த துயரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தென்னந்தோப்பு வாய்க்காலைத் தாண்டும்போது வழுக்கிய 35 வயதுக்காரர் ஒருவர். சுளுக்கு என்று நினைத்துப் பற்றுப்போட்டுக் கட்டு கட்டினார்கள். வீக்கம் வடிந்தது. நடக்கவும் நடந்தார், காலை வீசி வீசி. படி ஏறும்போது மட்டும் முட்டி மடங்கி விழுந்தார். என்னிடம் வந்தபோது மூன்று மாதம் கடந்திருந்தது. சில்லு இரண்டு விரற்கடை மேலே இருந்தது. முதல் இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் அறுந்த முனைகளை நேராகத் தைத்திருக்கலாம். தாமதமானதால் தசை சுருங்கிவிட்டது, வேறு இடத்து நாணை எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று.

முழுதாக அறுந்ததைக் கட்டுப்போட்டே சேர்த்துவிட முடியாதா?

முடியாது. அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தானே சேரும்? மேலே சொன்னபடி தொடைத் தசை ஒரு முனையை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. சில்லு எலும்பில் துளையிட்டு, வலுவான நூலால் நாணைக் கோத்துக் கட்டுவது அறுவை சிகிச்சையின் வழக்கமான முறை. பிறகு சில வாரங்கள் காலை நீட்டிய நிலையில் பட்டை, படிப்படியாக மடக்குதல், பலப்படுத்துதல். விளையாட்டுக்குத் திரும்பக் குறைந்தது ஆறு மாதம். பாதி மட்டும் கிழிந்து, காலைத் தூக்க முடிகிறவர்களுக்கு அறுவை இல்லாமலே ஆறலாம்.

டயாலிசிஸ் செய்துகொள்கிற அப்பாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததும் 'நாண் வலித்தால் உடனே சொல்லுங்கள்' என்றார்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு?

அப்படிச் சொன்னவர் அக்கறையுள்ளவர். சிப்ரோபிளாக்சசின், லீவோபிளாக்சசின் வகை மருந்துகள் நாண்களை நலிவுறச் செய்யக்கூடும். 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றின் அட்டையில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட உத்தரவிட்டது. அதிகம் பாதிக்கப்படுவது குதிகால் நாண். சில்லு நாணும் விதிவிலக்கில்லை. 60 வயதைக் கடந்தவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நீண்ட நாள் சிறுநீரக நோயில் நாண் எலும்பைப் பற்றும் இடமே பலம் குன்றுகிறது. சின்ன இடறலில் இரண்டு முட்டியிலும் ஒரே நேரத்தில் அறுந்தவர்களும் உண்டு. அப்பாவை மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். வலி வந்தால் நடையை நிறுத்திவிட்டு எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேளுங்கள்.

கபடியில் சிலுவைத் தசைநார் கிழிந்தது. சில்லு நாணிலிருந்து துண்டு எடுத்து வைப்பார்களாம். நல்ல நாணை எதற்கு வெட்ட வேண்டும்?

நியாயமான கோபம். 1963-இல் கென்னத் ஜோன்ஸ் என்ற அறுவை மருத்துவர் இந்த நாணின் நடு மூன்றில் ஒரு பங்கைக் கொண்டு சிலுவைத் தசைநாரைக் கட்டும் முறையை வெளியிட்டார். இன்று சுமார் 10 மில்லிமீட்டர் அகலத்தில், இரு முனையிலும் சிறு எலும்புத் துண்டுகளோடு எடுக்கிறார்கள். எலும்புக்குள் எலும்பு வைத்தால் விரைவாகப் பிடித்துக்கொள்ளும் என்பதே இதன் பெருமை. எடுத்த இடம் தழும்புத் திசுவால் நிரம்பும், மீதமுள்ள இரு பங்கு நாண் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

குறை என்னவென்றால் மண்டியிடும்போது வலிக்கும், அந்த வலி சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, குழித்தறியில் இறங்கி ஏறி, வயலில் மண்டியிட்டுக் களை எடுக்கும் வாழ்க்கை நம்முடையது. அதனால் தொடையின் பின்புறத்து நாண்களை எடுக்கும் முறையும் இங்கே பரவலாக இருக்கிறது. உங்கள் தொழில் என்ன, எப்படி உட்காருவீர்கள் என்பதை அறுவை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். ஆட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோயால் முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் சில்லுக்குக் கீழே அழுத்துகிறது. அளவு தப்பா?

அங்கே அழுத்துவதுதான் சரி. வெட்டிய எலும்பின் நுனி எடை தாங்காது. அழுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் உறுதியான இடம் என்று தேடியபோது கிடைத்தது இந்த நாண். 1950-களின் கடைசியில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், நாணின் மேல் ஒரு மேடு அழுந்தும்படி, மீதிக் கால் நுழையும் குழியை வடிவமைத்தார்கள். முட்டிக்குக் கீழே பொருத்தும் செயற்கைக் கால்களில் அந்த முறை உலகெங்கும் பரவியது. அழுத்தம் தெரிவது இயல்பு. ஆனால் கழற்றிய பிறகு பத்து நிமிடத்துக்கு மேல் சிவப்பு மறையாமலிருந்தாலோ, தோல் உரிந்தாலோ திருத்தச் சொல்லுங்கள். சர்க்கரை நோயில் உணர்ச்சி குறைந்திருக்கும் என்பதால் வலியை நம்பாமல் தினமும் கண்ணால் பாருங்கள்.

ஸ்கேனில் நாண் கெட்டிருக்கிறது என்கிறார்கள், எனக்கோ வலியே இல்லை. எதை நம்புவது?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். வலி இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களின் நாணிலும் ஸ்கேனில் மாற்றம் தெரிவது உண்டு. வலி முழுதாகப் போன பிறகும் படம் பழையபடியே இருப்பதும் உண்டு. படத்துக்கு மருத்துவம் செய்ய வேண்டாம். அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு பாரத்தைத் திடீரென்று ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

நாண் வலி ஏறக்குறைய சரியாகிவிட்டது. தைப்பூசத்துக்குப் பழநி நடக்கலாமா?

வேண்டுதலை விடச் சொல்லும் உரிமை எனக்கில்லை. நாள் கணக்கை மட்டும் சொல்கிறேன். காங்கேயத்திலிருந்து பழநி 65, 70 கிலோமீட்டர். சமதரை நடை இந்த நாணுக்குப் பெரிய பாரம் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை நீண்ட நடையாக 5, 8, 12 கிலோமீட்டர் என்று ஏற்றிக்கொண்டு வாருங்கள். போகிற வாரத்துக்கு முன் ஒருநாள் சென்னிமலையின் 1320 படிகளை மெதுவாக ஏறி இறங்கிப் பாருங்கள். மறுநாள் காலை சில்லின் கீழ்நுனியை அழுத்தும்போது வழக்கத்தைவிட வலி கூடவில்லை என்றால் கிளம்புங்கள்.

பழநி மலையில் ஏறும்போது படியில் போங்கள். இறங்கும்போது யானைப்பாதையில் வாருங்கள், அங்கே சரிவு தணிவாக இருக்கும்.